பயணம் போனவர்

“கூப்பிடுடி! உனக்கு மட்டுந்தானே தெரியும் அந்தப் பேரு. கூப்பிடு!”

வாசலில் அதோமாவின் குரல் மூன்று தெருவுக்குக் கேட்டது. அரசருடைய அக்காள். தொண்டையும் அரச வம்சத்துத் தொண்டைதான்.

“வாயைத் திறந்தே, நாலு பிள்ளைங்களும் அப்பன் இல்லாம தெருவுல நிக்கும்,” என்று இந்தப் பக்கம் குவாபே, கூப்பிட வேண்டியவளின் புருஷன். வெள்ளைக்காரத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி. மரியாதையான மனிதர். காலில் பூட்ஸ்.

நடுவில் அவள்.

வாசலுக்கு வெளியே, புழுதியில், ஒரு கிழவர்.

நாங்கள் யாரும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அன்றைக்கென்று எல்லோருக்கும் வாசல் பக்கம் வேலை இருந்தது.

கிழவர் எங்கள் அரசர். இருபத்துநான்கு வருடங்களுக்கு முன்னால் இறந்துபோனவர்.

இறந்துபோனார் என்று சொல்லக் கூடாது. எங்கள் ஊர் கெசாம்பாவில் மற்றவர்கள்தான் சாவார்கள். அரசர் ‘பயணம் போவார்’. உயிரோடு இருக்கும் அரசர் மதிலைத் தாண்டுவதே கிடையாது. ஆகவே அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருந்ததில்லை.

துரையின் சிப்பாய்கள் விடிவதற்கு முன் வந்து, அவரைப் பின்வழியாகக் கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். காலையில் சந்தை மரத்தடியில் குவாபே பெட்டிமேல் ஏறி நின்று அறிவித்தார்.

அரசர் பயணம் போய்விட்டார்.

ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

ஊர் அழுதது. உடல் எங்கே என்று கேட்காமல் வெறும் சவப்பெட்டியைப் புதைத்தோம். அதோமா மட்டும் “அவன் உசுரோட இருக்கான்” என்று மண்ணில் புரண்டாள். துக்க வீட்டில் யாராவது ஒருத்தி அப்படிச் சொல்வது வழக்கந்தானே.

தலையாட்டத் தெரிந்த ஒருவரைத் துரை புது அரசராக்கினார். அடுத்த வருடமே குவாபே கல்யாணம் செய்துகொண்டார். யாரை என்று கேட்பீர்கள்.

இவளைத்தான். அரசரின் மூத்த மனைவியை.

குவாபே வெள்ளைக்காரப் பள்ளியில் படித்ததில் ‘பயணம்’ என்றால் இங்கே என்ன அர்த்தம் என்பது மறந்துபோயிருக்கும் என்றார்கள் சிலர். இருக்கலாம். பெண் கேட்டு வந்தபோது நன்றாகத்தான் பேசினார்.

ஒரு காலத்தில் இந்த மதிலுக்கு ஒன்பது வாசல்கள். ஒன்றில் உப்பு வந்தது. ஒன்றில் மெல்லுவதற்குக் கோலாக்கொட்டை. கிழவரின் பாட்டனார் காலத்தில், கடலைப் பார்த்த வாசல் வழியாக மனிதர்கள் போனார்கள், கழுத்தோடு கழுத்து கட்டப்பட்டு. மலையடிவாரத்து ஆட்கள்தான். எங்களவர்கள் இல்லை. அந்த வாசலைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அப்போது வந்த பித்தளை அண்டாக்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன.

இப்போது ஒரே வாசல். மற்ற எட்டையும் மதிலோடு இடித்து, அந்த மண்ணை ரயில் பாதைக்குக் கொட்டினார்கள். கொட்டியதும் நாங்கள்தான்.

அந்த ரயிலில்தான் கிழவர் வந்து இறங்கினார். இனி இவரால் ஆபத்தில்லை என்று மேலிடம் சொல்லிவிட்டதாம்.

காரியம் முடிந்தவன் ஊருக்குள் வரக் கூடாது. ஒரே ஒரு வழி உண்டு. பட்டம் கட்டும் நாளில் மூத்த மனைவி அரசருக்கு ஒரு பெயர் வைப்பாள். அவள் மட்டுமே கூப்பிடும் பெயர். அதைச் சொல்லி அவள் அவரை முகத்துக்கு நேரே கூப்பிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார்.

அவர் உயிரோடு இருந்தால் புது அரசர் அரசரில்லை. குவாபே புருஷனில்லை. நான்கு பிள்ளைகளும் எவன் பிள்ளைகளோ. மூத்தவளுக்குப் புது அரசரின் மகனோடு வரும் மாதம் கல்யாணம்.

அந்தப் பெயர் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. முயன்றிருக்கிறோம்.

குடைக்கு அடியில் நின்ற துரை என்ன சத்தம் என்று கேட்டார்.

குடும்பச் சண்டை என்றார் குவாபே.

அவள் வாசலைத் தாண்டிப் போனாள்.

கிழவர் மேல் ஒரு கோட்டு. ஒரே ஒரு பித்தான். செருப்பில்லை. மண்ணில் பட்டால் விளைச்சல் கருகும் என்று நாங்கள் தோளில் சுமந்த கால்கள். இரண்டு குதிகாலிலும் வெடிப்பு.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூப்பிடு ஆத்தா,” என்றாள் அதோமா. இப்போது கத்தவில்லை.

அவள் உதடுகள் பிரிந்தன. ஒரு சத்தம் பாதி வரை வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

பிறகு அவள் திரும்பித் தன் மூத்த மகளைப் பார்த்தாள்.

“யாரு பெரியவரே நீங்க? வெயில்ல நிக்காதீங்க.”

அவ்வளவுதான்.

கிழவர் கோட்டின் ஒற்றைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு தலையாட்டினார்.

“வழி தப்பி வந்துட்டேன் தாயி.”

அதோமா அலறுவாள் என்று எதிர்பார்த்தோம். அலறவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு துறைப் பக்கம் நடந்தாள். ஆற்றுக்கு அக்கரை எந்த அரசருக்கும் சொந்தமில்லை. கொசுவுக்குச் சொந்தம்.

கல்யாணம் ஜோராக நடந்தது. பேண்டு வாத்தியம் வந்தது. துரை மூத்தவளுக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்.

குவாபேவுக்குக் கடற்கரை நகரத்துக்கு மாற்றல், பதவி உயர்வோடு. மற்ற மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இவளும் சாமான் கட்டிக்கொண்டு அடுத்த ரயிலில் வருவதாக ஏற்பாடு.

சாமான் இன்னும் கட்டியபடியே இருக்கிறது. நாங்கள் எட்டிப் பார்த்தோம்.

ஒரு பாயோடு மட்டும் ஓடமேறினாளாம். அக்கரையில் அதோமா கரை வரைக்கும் வந்து அவள் முகத்தில் துப்பினாளாம். பிறகு பாயை வாங்கிக்கொண்டாளாம்.

ஓடக்காரனை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

அங்கே மூன்று பேருக்கும் ஒரே அடுப்புதான் என்கிறான்.