எழுந்து போனவர்கள்

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?"

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் இப்படிக் கேட்டதோடு சுகுணா பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். இன்று அதே வகுப்பறையில்தான் கருத்துக்கேட்புக் கூட்டம்.

வனத்துறை அதிகாரி ஆய்வறிக்கையை வாசித்து முடித்தார். மலையில் தேவாங்குகளுக்குச் சரணாலயம் வரப்போகிறது. எல்லைக்கோடு ஊரின் மிளகுத் தோட்டங்களையும் சேர்த்து வளைத்துக்கொண்டு போகிறது. சுகுணாவின் அப்பா சென்றாயனுடைய மிளகுக் கொடிகளும் அதற்குள்தான்.

"தேவாங்குக்குப் பட்டாவக் குடுத்துப்போட்டு நம்மள மரத்துல ஏறிக்கச் சொல்றாங்களாட்ட இருக்குது" என்றாள் பின்பெஞ்சிலிருந்து பெருமாயி.

சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது.

"ஆட்சேபணை இருக்கிறவங்க தாராளமா சொல்லலாம்" என்றார் அதிகாரி.

பெருமாயி எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போனாள். அடுத்து ராசு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிறகு ஒவ்வொருவராக.

அவர்களுடைய ஊர்க்கூட்டத்தில் வேண்டாம் என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் பகை. உதறிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஒருவர் அப்படிப் போனாலே போதும், அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. 'ஆட்சேபணை எதுவும் வரவில்லை' என்று முணுமுணுத்தபடியே எழுதத் தொடங்கினார்.

சுகுணா சன்னல் வழியே பார்த்தாள். வெளியே வேப்பமரத்தடியில் ஊரே நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது, தோட்டம் தப்பித்துவிட்டது என்று.

அறையில் மிச்சம் அவளும் அப்பாவும்தான். அப்பா ஏன் இன்னும் எழவில்லை? முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்னவோ. காலையிலிருந்து கையைவிட்டு இறக்காத துணிப்பை மடியில் கிடந்தது.

அவள் எழுந்து நின்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தாள்.

"சார், எந்திரிச்சுப் போனா வேண்டாமுன்னு அர்த்தமுங்க. எங்கூரு வழக்கமுங்க."

பேனா நின்றது.

"அப்ப உக்காந்திருந்தா?" கேலி இல்லாமல்தான் கேட்டார் அதிகாரி.

"சம்மதமுங்க."

சொன்ன பிறகுதான் அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாரும்மா, சரணாலயத்துக்கு நாங்க எடுத்திருக்கிற புது வாட்சர் உக்காந்துதானே இருக்காரு?" என்றார் அதிகாரி, சென்றாயனைக் காட்டி.

பையின் வாய் விலகியிருந்தது. உள்ளே மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை.

அப்பா தலை குனிந்திருந்தார். அவர் காது மடல்கள் சிவந்திருப்பது அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. சொன்னதைத் திரும்ப விழுங்கிவிட முடியுமா என்றிருந்தது அவளுக்கு.

சென்றாயன் எழுந்தார்.

பையைப் பெஞ்சின் மேல் வைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து ஒருமுறை உதறினார்.

மகளின் முகத்தைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.