மெத்தைக் கட்டு

பையன் வேறு கயிறு எடுக்க அந்தப் பக்கம் திரும்பியதும், அவன் கட்டி முடித்திருந்த கட்டைச் சுவாமிநாதன் ரகசியமாக அவிழ்த்துவிட்டார். சுருண்டிருந்த மெத்தை ஸ்கூட்டர் சீட்டின் மேல் சாவகாசமாக விரிந்து படுத்துக்கொண்டது.

“தம்பி, இங்க பாரு! மறுபடியும் அவுந்துபோச்சு!” என்று கத்தினார்.

பையன் ஓடி வந்து பார்த்தான். “இந்த முடிச்சு தானா அவுராதுங்களே...” என்று தலையைச் சொறிந்தான். பிறகு சிரித்தான். “மெத்தை ரொம்பத் துள்ளுதுங்க. இருங்க, வேற மாதிரி போட்டுரலாமுங்க.”

சிரிக்கிறான்! இரண்டு தடவை அவிழ்ந்த பிறகும் சிரிக்கிறான்! சுவாமிநாதனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

விஷயம் இதுதான். அவருடைய இளைய மகள் அனிதாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கும் இந்தக் கடையின் முதலாளி, பெயர் மதன்.

மூத்தவளுக்கு ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கட்டிக்கொடுத்தார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மாப்பிள்ளை வாய்த்துவிட்டார். குழம்பில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும், அடுத்த பஸ்ஸில் மகள் பெட்டியோடு வந்து நிற்பாள். இளையவளுக்கும் அப்படி ஆகிவிட்டால் சுவாமிநாதன் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

ஆகவே, நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் செய்வதைப் போல, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிக்கக் கிளம்பினார். டீக்கடையில் கேட்டால் ‘தங்கமான பையன்’ என்பார்கள். டீக்கடைக்கு எல்லாப் பையனும் தங்கம்தான். கோபக்காரனா என்று தெரிய வேண்டுமானால், கோபப்படுத்தித்தானே பார்க்க வேண்டும்?

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். சுவாமிநாதன் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். வீட்டு மெத்தையைப் பழைய வேட்டியால் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, ராசிபுரத்திலிருந்து கயிறு வாங்க வந்தவராகக் கடை வாசலில் இறங்கினார்.

தரகர் அனுப்பிய போட்டோவில் தாடியும் கூலிங் கிளாஸும்தான் தெரிந்தன. இந்தக் காலத்தில் எந்தப் பையனுக்குத் தாடி இல்லை? கடைக்குள் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் நின்ற தாடியிடம் நேராகப் போனார். மூலையில் தார்ப்பாய் அடுக்கின் மேல் கால் நீட்டி, செல்போனில் மூழ்கிக் கிடந்த இன்னொரு தாடி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பையன் இப்போது மூன்றாவது கட்டை ஆரம்பித்தான். மெத்தையைச் சுருட்டி முழங்காலால் அழுத்திக்கொண்டான். கயிற்றின் ஒரு நுனியில் கண்ணி போட்டு, மறு நுனியை அதற்குள் விட்டு எதிர்ப்பக்கம் இழுத்தான். மெத்தை வாயை மூடிக்கொண்டது.

அடுத்து ஸ்கூட்டரோடு சேர்த்துக் கட்ட, லாரிக்காரர்கள் போடும் முடிச்சைப் போட்டான். கயிற்றின் நடுவில் ஒரு வளையம், நுனி கீழே கம்பியைச் சுற்றித் திரும்பவும் அந்த வளையத்துக்குள். “இப்பிடி இழுத்தா ஓராள் பலம் ரெண்டாள் பலம் ஆயிருமுங்க. ஊட்டுக்குப் போயி இந்த நுனிய ஒரு சுண்டு சுண்டுங்க, மொத்தமும் கழண்டுரும்.”

“எனக்குப் பச்சைக் கயிறு வேண்டாம். நீலம்தான் வேணும்,” என்றார் சுவாமிநாதன், கல் மனசோடு.

பையன் பெருமூச்சு விட்டான். அவ்வளவுதான். எல்லாவற்றையும் அவிழ்த்து, நீலக் கயிற்றில் முதலிலிருந்து கட்டினான்.

“மீட்டர் என்ன விலை?”

பையன் மூலையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “ஏனுங்ணா, நீலக் கயிறு மீட்டர் என்னங்க?”

“போர்டுல எழுதித்தான இருக்குது? கண்ணு தெரியாதா?” என்று எரிந்து விழுந்தது அந்தத் தாடி, தலையைத் தூக்காமலே.

சுவாமிநாதன் அசந்துபோனார். வேலைக்காரன் இப்படி எகிறுகிறான், முதலாளி ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் போர்டைப் பார்த்து விலை சொல்கிறானே! இவன் என் மகளை எப்படித் தாங்குவான் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார். “பையன் சொக்கத் தங்கம்! தரகர்கிட்டச் சரின்னு சொல்லிரு. முகூர்த்தம் பாக்கச் சொல்லு!”

போனைப் பையில் போட்டுவிட்டு, பையனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சாமி, தப்பா நெனைச்சுக்காத. நான்தான் அனிதாவோட அப்பா. அந்த முடிச்செல்லாம் நாந்தான் அவுத்துவிட்டேன். எனக்குப் பரிபூரண சம்மதம், மாப்பிள்ளை!”

பையன் திருதிருவென்று விழித்தான். மூலையை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவரைக் கையைப் பிடித்து ஸ்கூட்டருக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

“மெதுவாப் பேசுங்க. என்ற பேரு வளவனுங்க. மதன் அங்க படுத்திருக்கறவருங்க.”

சுவாமிநாதன் மூலையை எட்டிப் பார்த்தார். “அப்ப... நீ யாரு சாமி? இங்க என்ன பண்ற?”

“என்ற தங்கச்சிக்கும் இவரைத்தானுங்க கேட்டிருக்காங்க, நானும் குணம் பாக்கத்தான் நேத்து வேலைக்குச் சேந்தேன்.”