சிவப்பு உறை வராதவன்

பேரரசரின் சவப்பெட்டி உள்ளே போய்விட்டது. கல்லறையின் ரகசியம் வெளியே கசியாமல் இருக்க, அதைக் கட்டிய பன்னிரண்டு கொத்தர்களையும் உள்ளேயே விட்டுக் கதவை மூட வேண்டியதுதான் பாக்கி.

பன்னிரண்டு பேரில் ருவான் மட்டும் வெறுங்கையோடு நின்றான். காலையில் மற்ற பதினொரு பேருக்கும் கிடைத்த சிவப்பு உறை அவனுக்குக் கிடைக்கவில்லை.

சினிமாக்காரர்களின் நம்பிக்கைப்படி, படத்தில் சாகிறவர் கையில் சிவப்பு உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொய்ச்சாவு ஆளோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு வருடமாகத் துணை நடிகனாக இருக்கும் ருவான், அம்பு பட்டும் வெள்ளத்தில் போயும் நாற்பத்தொரு முறை செத்திருக்கிறான். உறை வாங்காமல் ஒருமுறைகூடச் செத்ததில்லை. வசனம்தான் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

இன்று ஒரு வரி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் அதையும் வெட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்க முடியாது. துணை நடிகர்களுக்குக் கதையை யாரும் சொல்வதில்லை. எங்கே நிற்பது, எப்போது சாவது, அவ்வளவுதான்.

"பெய், என் உறையைக் குடும்மா" என்றான் உதவி இயக்குநரிடம்.

"அப்புறம் பார்க்கலாம்ணே. செல்போனை இந்தக் கூடையில போடுங்க."

"அஞ்சு மணிக்கு என் பொண்ணு ஸ்டுடியோ வாசல்ல வந்து நிப்பா..."

"அதுக்குள்ள முடிஞ்சிடும். அந்தச் சுவர்ல சாயாதீங்க, பெயிண்ட் ஈரம்!"

சொல்வதற்குள் சட்டைக் கையில் சாம்பல் நிறம் அப்பிவிட்டது.

கதவு இறங்கியது. உள்ளே எண்ணெய் விளக்குகள் மட்டும். வெளியே ஓடும் கேமராவுக்குக் கேட்கும்படி, சொன்னபடி அழுதார்கள், கதவைத் தட்டினார்கள். இனி 'கட்' என்ற குரல் வரவேண்டும். வரவில்லை.

"சங்கிலி மாட்டிக்கிச்சு! கதவு தூக்க வரலை, பொறுங்க!" வெளியே பெய் கத்துவது கேட்டது.

பொறுத்தார்கள். விளக்குப் புகை மெல்ல இறங்கிக் கண்ணை எரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கோங் இருமிக்கொண்டே ருவானைப் பார்த்தார்.

"உறை வாங்காம உள்ள வந்தியே, பாவி. உன் பீடை எங்களையும் சேர்த்துப் பிடிச்சிருச்சு பாரு."

"நானா வேணாம்னேன்? கேட்டேன், தரலைண்ணே."

"கால்ல விழுந்தாவது வாங்கியிருக்கணும்டா. இங்க வந்து... காத்தைப் பங்கு கேக்கிறான்."

கோங் சுவரோரமாகச் சரிந்தார். ருவான் தோளைப் பிடித்து உலுக்கினான். தலை துவண்டு மறுபக்கம் விழுந்தது. அடுத்தவனைத் தொட்டான். அவனும் அசையவில்லை. பத்தடி அறை இரண்டடியாகச் சுருங்கி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

"பெய்! ஏ பெய்!"

வெளியே சத்தமே இல்லை.

கதவை அறைந்து அறைந்து கை கிழிந்தது. ரத்தத்தைத் துடைக்கும்போதுதான் சட்டைக் கையில் இருந்த சாயம் கண்ணில் பட்டது. எல்லாச் சுவரும் காய்ந்திருக்க, அந்த ஓரிடம் மட்டும் ஏன் ஈரம்?

ஓடிப்போய் ஓங்கி உதைத்தான். மூன்றாவது உதையில் சுவர் அட்டையாய்ப் பிளந்தது. பின்னால் ஓர் ஆள் தவழ்கிற அளவுக்கு இருட்டுப் பொந்து. முட்டி தேய, வாயில் மண் போக, ஊர்ந்தான். ஒரு வெளிச்சம் வந்து முகத்தில் அடித்தது.

"யாராவது வாங்க! உள்ள ஆளுங்க செத்துக்கிட்டிருக்காங்க! என் பொண்ணு எனக்காக வாசல்ல நிக்கிறா... நான் சாக மாட்டேன்!"

"கட்!"

எதிரே மூன்று கேமராக்கள். சுற்றிலும் கைதட்டல். ருவான் திரும்பிப் பார்த்தான். பொந்திலிருந்து கோங்கின் தலை எட்டிப் பார்த்தது.

"கோவிச்சுக்காதே தம்பி. வாயைத் திறந்தா வேலை போயிடும்னு டைரக்டர் சொல்லிட்டாரு. நீ உலுக்கின உலுக்குல என் கழுத்துதான் சுளுக்கிக்கிச்சு."

ருவான் மண்ணில் உட்கார்ந்து கேவினான். பெய் ஓடிவந்து அவன் தோளில் போர்வையைப் போர்த்தி, மடியில் தடித்த காகிதக் கட்டு ஒன்றை வைத்தாள்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. உங்க முகத்துல நிஜ பயம் வேணும்னு டைரக்டர் ஒத்தைக் கால்ல நின்னாரு. இதெல்லாம் நாளையிலேர்ந்து நீங்க பேச வேண்டிய வசனம்."

ருவான் அதைத் தொடவில்லை. கையை நீட்டினான்.

"வசனம் கிடக்கட்டும். முதல்ல என் சிவப்பு உறையைக் குடு."

"அது சாகிறவங்களுக்குத்தானேண்ணே. கதைல உங்க கொத்தன்தான் தப்பிச்சிட்டானே!"