பன் இல்லாத காபி

“இழு தூருன், இப்பவே இழு!”

சிக்ஸ்டன் கத்துவதற்குள் பசை இறுகிவிட்டது. துவாவின் மூளையில் சிக்கலாகப் பின்னிக்கிடந்த ரத்தக்குழாய்களை, அவை வெடிக்குமுன் அடைக்கத்தான் அந்தப் பசை. அதைக் கொண்டுபோன மெல்லிய டியூபும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. டாக்டர் தூருன் பலமாக இழுத்தாள். ரத்தக்குழாய் கிழிந்தது.

“போச்சு, துவாவைக் கொன்னுட்டே,” என்றான் உதவியாளன் சிக்ஸ்டன். “ஒட்டவிட்டவங்கதான் காபிக்கு ஏலக்காய் பன் வாங்கணும். ஞாபகம் இருக்கில்ல?”

“வாங்கித் தொலைக்கிறேன். தின்னு தின்னு நீதான் வெடிக்கப்போறே.”

மறுநாள் காலை, ஸ்வீடனின் உப்சலா நகரத்துப் பனியில் நனைந்த குல்லாயோடு எட்டு வயது துவா குதித்தபடி உள்ளே வந்தாள்.

பின்னாலேயே வந்த அவள் அம்மாதான் பயந்து பயந்து கேட்டாள். “டாக்டர், இந்த மாதிரி இதுக்கு முன்னாடி யாருக்காவது பண்ணியிருக்கீங்களா?”

“உங்க துவாவுக்கேதான் நேத்து பூரா பண்ணேன்,” என்றாள் தூருன்.

சிக்ஸ்டன் ஒரு வாளியை நீட்டினான். துவாவின் ஸ்கேனை வைத்துப் பிளாஸ்டிக்கில் அச்செடுத்த ரத்தக்குழாய்கள், ஒட்டியும் கிழிந்தும் வாளி நிறையக் கிடந்தன.

“ஐயோ, இத்தனை தடவையா தப்பாச்சு?”

“ஆமாங்க. பண்ண வேண்டிய தப்பையெல்லாம் நேத்தே பண்ணி முடிச்சுட்டாங்க,” என்றான் சிக்ஸ்டன்.

அன்று நிஜத் துவாவுக்குள் பசை இறங்கியது. சிக்ஸ்டன் வாயைத் திறப்பதற்குள் தூருன் இழுத்துவிட்டாள். டியூப் சுத்தமாக வெளியே வந்தது.

சாயங்காலம் காபி வந்தது. பன் வரவில்லை.

“என்ன, பசிக்குதா?” என்றாள் தூருன்.

“வயிறு நிறைஞ்சிருக்கு,” என்றான் சிக்ஸ்டன், வெறும் காபியை உறிஞ்சியபடி.