கார் ஷெட் மூலையில் விஷ்ணுகிராந்தி

கொட்டிவாக்கத்து மணலில் மாசி மாதக் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. பூமி பூஜைக்கு வந்த முதல் செங்கல் மஞ்சள் பூசிக்கொண்டு குழியோரம் காத்திருக்கிறது. பூதான் இல்லை. மயிலாப்பூரில் வாங்கிய மல்லிகையை, வாடக்கூடாதென்று ஈரத்துணியில் சுற்றி, வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள் நீரஜா. "ஏன்னா, ஆத்துலயே மறந்துட்டேன்." அவள் கணவர் பத்ரிநாராயணன் கடிகாரத்தைப் பார்க்கிறார், நல்ல நேரம் கரைந்துகொண்டிருக்கிறது. "பூ மேலயே நின்னுக்கினு பூவத் தேடுறியேம்மா, கீழ பாரு" என்கிறார் கொத்தனார் பக்கிரி. அவள் குனிகிறாள். இதுவரை மிதித்துக்கொண்டிருந்த மனை முழுக்கச் சட்டைப் பொத்தான் அளவில் நீல நீலமாய் விஷ்ணுகிராந்தி, இடையிடையே வெள்ளைத் தும்பை, அதில் தேனுக்கு வந்த சின்னப் பட்டாம்பூச்சிகள். பூஜை செய்ய வந்த வாத்தியாரும் மணலில் மண்டியிட்டுப் பறிக்கிறார். அவர் பஞ்சகச்சமெல்லாம் நெருஞ்சி முள். அவருக்கே சிரிப்பு வருகிறது. செங்கல் நீலத்தில் மறைகிறது, மணி ஒலிக்கிறது, கடற்காற்றில் கற்பூரம் மூன்று முறை அணைந்து நான்காவதில் நிற்கிறது.

பூஜை முடிந்ததும் பக்கிரி சுண்ணாம்புப் பொடியால் வீட்டுக்குக் கோடு போடுகிறார். பூ அடர்ந்த மூலையைக் கோடு நெருங்கும்போது நீரஜா அங்கே போய் நின்றுகொள்கிறாள். "இந்த எடத்தை அப்படியே விட்டுடுங்கோ." "அது கார் ஷெட்டுடி" என்கிறார் பத்ரிநாராயணன். "நமக்குக் கார் எங்கேன்னா இருக்கு?" வேலியோரம் சாய்ந்து நிற்கும் தன் பழைய ஸ்கூட்டரை அவர் பார்க்கிறார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தானே காலால் அழிக்கிறார்.