முகத்துவாரத்து மணிகள்

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தின் வடகரையில் கத்தோலிக்கக் கோயிலின் பெரிய மணி தொங்கியது. தென்கரையில் சீர்திருத்தச் சபையின் சின்ன மணி. பெரிய மணிக்குத் தன் குரல்மேல் அசாத்திய நம்பிக்கை.

"மாதாவுக்கு மூன்று வேளையும் அடிக்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிணுகிணுக்கிற உனக்கு எதற்கடி ஒரு கோபுரம்?" என்று அக்கரையைப் பார்த்துக் கேட்கும்.

"மாதாவுக்கு மணியடிக்கச் சொல்லி வேதத்தில் எங்கே இருக்கிறது? காட்டுங்கள் பார்ப்போம்" என்று சின்ன மணி மல்லுக்கு நிற்கும்.

ஒரு மார்கழிக் காலையில் மூடுபனி கடலையே விழுங்கிவிட்டது. மீன்பிடிக்கப் போன படகுகள் கரை தெரியாமல் தவித்தன. இரு கரையிலும் பெண்கள் ஓடிவந்து மணிக்கயிற்றை இழுத்தார்கள்.

"நான் ஒருத்தி போதாதா?" என்று பெரிய மணி தொண்டை கிழிய முழங்கியது. சின்ன மணியின் சத்தம் அதில் அமுங்கியே போயிற்று.

பனிக்குள்ளிருந்து ஒரு படகு அலறியது: "அக்கா, விட்டு விட்டு அடியுங்கள்! உங்கள் சத்தத்தை மட்டும் நம்பி வந்தால் உங்கள் பக்கத்துப் பாறையில்தான் மோதுவோம். வலது காதில் நீங்கள் கேட்க வேண்டும், இடது காதில் அவள் கேட்க வேண்டும். நடுவில்தான் எங்களுக்கு வழி!"

பெரிய மணி ஒருமுறை அடித்துவிட்டு, பிறந்ததிலிருந்து முதல்தடவையாக நாக்கை அடக்கிக் காத்திருந்தது. அக்கரையிலிருந்து கிண்ணென்று பதில் வந்தது. படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன.

பனி விலகியதும் சின்ன மணி கேட்டது: "நம் இருவரில் யார் சரியென்று படகு சொன்னதா?"

"அது கிடக்கட்டும்" என்று அதட்டியது பெரிய மணி. "நாளைக்கும் பனி இறங்கும்போலிருக்கிறது. நீ மட்டும் அடிக்காமல் இருந்து பார், தெரியும் சேதி!"