சிவப்பு மீன் வேன்

"இன்ஜினை மட்டும் அணைச்சுடாதீங்க அக்கா! இந்தக் குளிர்ல அணைஞ்சா மறுபடி கிளப்பறது கஷ்டம்."

கத்திக்கொண்டே வேனிலிருந்து குதித்து ஓடிவந்தான் உய்பான். உறைந்து கிடந்த லேனா ஆற்றின் மேல் போகும் பனிக்காலச் சாலை. மைனஸ் நாற்பத்தெட்டு. ஓரத்துப் பனிக்குவியலில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது ஒரு கறுப்பு ஜெர்மன் கார். சாவியைத் துளையில் செருகித் திருகும் வேலையெல்லாம் இதற்குக் கிடையாது. சாவி பாக்கெட்டில் இருந்தாலே போதும், பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும்.

உள்ளே ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் தனியாக இருந்தாள். பெயர் துயாரா என்றாள். அவள் இமை முடியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது.

"திரையில இருபத்திநாலு டிகிரின்னு காட்டுது தம்பி. உள்ள எனக்குப் பல்லு கிட்டிப்போகுது."

"பெரிய காரு எல்லாமே இப்படித்தான்க்கா. வாய் கிழியப் பேசும், அவசரத்துக்குக் கையை விரிச்சிடும்."

"பின்னால எடுக்கலாம்னு பார்த்தா சக்கரம் முனகுது. ஒரு மஞ்சள் விளக்கு வேற சிமிட்டுது."

"அது வழுக்காம பார்த்துக்கற ஏற்பாடு. சக்கரம் வழுக்கினதும் இன்ஜினோட இழுப்பை அதுவே குறைச்சிடும். ரோட்டுல ஓடறப்போ அது சாமி. புதைஞ்சு நிக்கறப்போ அதுதான் எமன். நகருங்க, நான் எடுக்கறேன்."

அந்த ஏற்பாட்டை நிறுத்தும் பொத்தானை அமுக்கினான். வண்டியை முன்னும் பின்னும் தொட்டில்போல ஆட்டினான். பனியை வாரி இறைத்துக்கொண்டு கார் சாலையில் ஏறியது. உய்பானுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"டயரெல்லாம் ஆணி வெச்சது, புதுசு. வளைவே இல்லாத ரோடு. எப்படிக்கா இறங்கிச்சு?"

"கை தவறிப்போச்சு." அவள் அவனையே பார்த்தாள். "நீங்க நிக்காம போயிருந்தா என் கதி?"

"அதெப்படிப் போக முடியும்? இந்த ஆத்து ரோட்டுல நின்ன வண்டியைத் தாண்டி எவனும் போக மாட்டான். பாட்டன் காலத்துச் சட்டம் இது."

"போன ஜனவரில இங்க ஒரு டவுன் பையன் உறைஞ்சு செத்துட்டானாமே?"

உய்பான் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினான். அவளும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஆமாக்கா. ஹீட்டர் நின்னுபோச்சு, அப்புறம் இன்ஜினும் நின்னுபோச்சு. டவர் கிடையாது, யாரைக் கூப்பிடுவான்? அன்னைக்கு இந்தப் பக்கம் யாரும் வரல."

"ஒருத்தர்கூடவா?"

"வந்தா விட்டுட்டுப் போவாங்களா? நீங்க வேற!" அவன் குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. "பெரிய காருக்காரங்கன்னா நாலு பேர் தேடி வருவாங்கன்னுதான் நாங்களும் நெனைப்போம்."

"நெனைப்பீங்க, இல்ல?"

அவள் திரும்பி அவன் வேனைப் பார்த்தாள். பின்கதவு முழுக்க ஒரு சிவப்பு மீன் வாலைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"அழகா இருக்கு. இந்த மாதிரி வேன் நிறைய ஓடுதா?"

"மாவட்டத்துக்கே இது ஒண்ணுதான். என் பொண்டாட்டி கைவேலை." உய்பான் ஒரு வழியாகச் சிரித்தான். "சனிக்கிழமை ஆனா சந்தையில இந்த மீனைத்தான் தேடுவாங்க."

பிறகு குழாய்களைத் தொட்டுப் பார்த்தான். இரண்டும் கொதித்தன. வெந்நீர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, அனலை உள்ளே தள்ளும் ஃபேன்தான் சுற்றவில்லை.

"ஃபியூஸ் போயிருக்கும். என்கிட்ட மாத்து இருக்கு. ஆனா அதுல கை வைக்கணும்னா இன்ஜினை அணைக்கணும்."

"அணைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"என் வேன் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? இது கிளம்பலேன்னா அதுல போயிடலாம். நீங்க போய் அதுல உட்காருங்க. அந்தப் பக்க சீட்ல மீன் மூட்டை, ஸ்டீரிங் பக்கமே ஏறிக்குங்க. என் கலைமான் தோல் கோட்டு கிடக்கு, போத்திக்குங்க."

துயாரா உடனே போகவில்லை. ஏதோ கேட்க வந்தவள்போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மெல்ல நடந்து போய் வேனில் ஏறினாள்.

உய்பான் இன்ஜினை அணைத்தான். டேஷ்போர்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான். ஃபேனுக்கான ஃபியூஸ் கருகிப்போயிருக்கும் என்று நினைத்தான். அந்த இடம் காலியாக இருந்தது. தானாகக் கழன்று விழுகிற சாமானில்லை அது, யாரோ பிடுங்கி எடுத்திருக்க வேண்டும்.

யோசித்துக்கொண்டே தன்னிடமிருந்ததைச் செருகிவிட்டுப் பொத்தானை அமுக்கினான். கார் அசையவில்லை. திரையில் எழுத்துகள் வந்தன: 'சாவி காருக்குள் இல்லை.'

அட, சாவி அக்காவிடம் அல்லவா இருக்கிறது! சிரித்தபடி நிமிர்ந்தான். எதிரே வேன் நகர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா! அக்காவ்!"

இறங்கி ஓடினான். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். தொண்டை கிழியக் கத்தினான். சிவப்பு மீன் மூடுபனிக்குள் நுழைந்து மறைந்தது. சாலையில் வேறு வண்டி எதுவும் இல்லை. மூச்சு முள்ளாகக் குத்தியது. திரும்பி வந்து காருக்குள் விழுந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னக் கேமராவை அப்போதுதான் கவனித்தான். அதன் திரையில் யாரோ நிறுத்தி வைத்திருந்த ஒரு காட்சி இருந்தது. தேதி, போன ஜனவரி. மூடுபனிக்குள் நுழைகிற ஒரு சிவப்பு மீன். அதற்கு இப்பால், கேமராவுக்கு முதுகு காட்டியபடி, ஒரு பையன் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.